பால், மோர், பலா

கோத்தகிரி மலைச்சாலையில்
பனிக்கு எங்களிடம் ஒரு சொல்தான் இருந்தது.
அது போதவில்லை என்பது
யாருக்கும் உறைத்ததில்லை.

அதிகாலை மூன்றரை.
கோவையிலிருந்து செய்தித்தாள் கட்டுகளோடு ஏறுகிறவன் நான்.
எனக்கு முன்னால் போஜனின் பால் வண்டி.
முள்ளூர் வளைவில் நிறுத்தி
டிரைவர்கள் குழுவில் அவன் ஒரு சொல் போட்டான்,
முன்னால் வேலி வைத்து:
#பால்

வேலி என்றுதான் சொல்கிறோம் அந்தக் குறியை.
இரண்டு குச்சி நட்டு, இரண்டு குச்சி குறுக்கே.
அடைத்த சொல் ஓடிப்போகாது.
ஆடி மாதத்தில் தேடினாலும்
அங்கேயே நின்று அசைபோடும்.

அவன் சொல்ல வந்தது வேறு:
டிரே சரிஞ்சிருச்சு, பாக்கெட்டெல்லாம் ரோட்டுல, பாத்து வாங்க.
குளிரில் விரல் விறைத்து
முதல் சொல்லோடு நின்றுவிட்டது.

பின்னால் டாக்ஸியில் வந்த ரஷீத்
கண்ணாடி வழியே பார்த்தான்.
வெள்ளை. பானெட் முனை இல்லை.
சரியாத்தான் சொல்லியிருக்கான் என்று
இரண்டாவது கியரில் ஊர்ந்தான்.

மறுநாள் தேயிலை லாரியிலிருந்து யோகலிங்கம்
#மோர் என்றான்.
ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.
வெள்ளைக்கோடு தெரிந்தால் மோர்,
தெரியாவிட்டால் பால்.
தயிர் என்றால் ஓரங்கட்டு,
டீ இருந்தால் குடி.

புவியியல் படித்த சம்பந்தம் சார்
பட்டியல் ஒன்று அனுப்பினார்:
அடர் மூடுபனி, இடைநிலை மூடுபனி, மென்பனி.
பன்னிரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினோம்.
பட்டியல் மேலே மேலே போய் மறைந்தது.
எட்டாம் நாள் அரவேனுவிலிருந்து அவரே எழுதினார்:
#மோர், சற்றே கெட்டி.

குஞ்சப்பனையில் பலா பழுத்த மாதம்
யானை ரோட்டுக்கு வந்தது.
சகாயமேரி காய்கறி பிக்கப்பை அணைத்துவிட்டு
ஆனை என்று அடிக்கவே பயந்து
#பலா என்றாள்.
மார்கழியில் மரத்தில் ஒரு பிஞ்சுகூட இல்லை.
இருந்தும் வருகிறது:
பலா ரெண்டு, குட்டியோட,
ஹாரன் அடிக்காதீங்க.

எல்லாம் இப்படிச் சுகமாக நடக்கவில்லை.
#கல் என்றால்
மேலே இருப்பவர்களுக்குப் பாறை சரிவு,
கீழே இருப்பவர்களுக்கு போலீஸ் சோதனை.
இரண்டு மாதம் இரண்டும் ஓடின.
ஒரு ராத்திரி மரியசூசை
வண்டிப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போய்
பாறையில் மோதினான்.
முன்பல் இரண்டு.
அன்றோடு கல், கல்லானது.
தீர்மானம் எதுவும் போடவில்லை.
அவன் சிரிக்கும்போது தெரியும் இடைவெளி போதுமாக இருந்தது.

என் முதுகுக்குப் பின்னால்
ஆயிரத்து இருநூறு பிரதிகளில் ஒரே வாக்கியம்:
வானம் மேகமூட்டத்துடன் காணப்படும்.
பிழையில்லாத அச்சு.
அதை நம்பி
ஒரு வளைவும் நான் திரும்பியதில்லை.

சாப்பிடும்போது மோர் இருக்கா என்று கேட்டால்
என் மனைவி ஜன்னலைப் பார்க்கிறாள்.

போன மாதம் போஜனின் டிரே
அதே முள்ளூரில் மறுபடி சரிந்தது.
நாற்பது லிட்டர் தாரில்.
இந்த முறை பதறாமல், தெளிவாக எழுதினான்:
#பால்
நாங்கள் நல்ல பிள்ளைகளாக
மஞ்சள் விளக்குப் போட்டு
இரண்டாவது கியரில்
ஒருவர் பின் ஒருவராக வந்து
வழுக்கினோம்.

முழங்கால் வரை நனைந்து
ரோட்டோரம் நின்று கத்தினான்:
பால்னா பாலுடா!
ரஷீத் வானத்தை அண்ணாந்து பார்த்து
இல்லையே, மோர்தானே, என்றான்.

பிறகு அவன் குந்தி உட்கார்ந்து
ஈர விரலைச் சட்டையில் துடைத்து
வேலி போட்டு எழுதினான்:
#மாட்டுப்பால்

நேற்று தேடிப் பார்த்தேன்.
அந்த வேலிக்குள்
இன்னும் அது ஒன்றுதான் நிற்கிறது.